எழுநூறு பவுண்டு

“பின்னாடி எடை இல்லாம அந்தச் சரிவுல இறங்க முடியாதுக்கா, அதைத்தான் நான்…”

“நாப்பது வருஷமா எடை இல்லாமத்தானேடா பனி தள்ளுற? அப்பா காலத்துல…”

“அப்பா காலத்துல சமதரை. இது சரிவு. முன்னாடி பக்கெட் நிறைய பனியை அள்ளினா பின்சக்கரம் லேசாயிடும், அப்புறம்…”

“அப்போ சரிவுக்குப் போகாத.”

“சொல்றதை முழுசா கேளேன்.”

“கேட்டுட்டேன். போகாத.”

இதுதான் ஆரம்பம், மிஸ்டர் ட்ரெம்பாத். ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னது நீங்கள்தான். டிராக்டருக்குப் பின்னால் எடை மாட்டுவதா வேண்டாமா என்று ஒரு அக்காவும் தம்பியும் வாயாடிக்கொண்டதை எல்லாம் போலீஸ் நோட்டில் எழுத வேண்டுமா என்று யோசிக்கிறீர்கள். எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டுச் சண்டைகள் எல்லாமே இந்த அளவுதான். விறகை எவ்வளவு உயரம் அடுக்குவது, மீனுக்கு எவ்வளவு உப்பு, சன்னல் இடுக்கில் பஞ்சு அடைக்க எந்த வாரம் சரி. இரண்டு பேர் ஒரே வீட்டில் அறுபது வருடம் இருந்தால் பெரிய விஷயத்துக்குச் சண்டை போட மாட்டார்கள். அதற்குப் பேச்சே எழும்பாது.

தவ்னோ எனக்கு எட்டு வயது இளையவன். அம்மா போனபோது அவனுக்குப் பதினொன்று, எனக்குப் பத்தொன்பது. அப்பா செப்புச் சுரங்கத்திலிருந்து இருமலோடு வந்து உட்கார்ந்துவிட்டார். அன்றிலிருந்து அவனுக்குக் காலுறை பின்னியது, தலை வாரியது, காய்ச்சலில் பக்கத்தில் உட்கார்ந்தது எல்லாம் நான். என்னையும் ஒருவர் கேட்டார். மரம் அறுக்கும் ஆலையில் வேலை செய்தவர், நல்ல மனிதர். தவ்னோவுக்கு யார் சமைப்பார்கள் என்று கேட்டேன். அத்தோடு முடிந்தது. குறையாகச் சொல்லவில்லை. எடுத்த முடிவைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்கிற ஆள் இல்லை நான்.

எங்கள் டிராக்டரை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். சின்னது, பழையது. முன்னால் பனி அள்ளும் பக்கெட். பின்னால் கலப்பை மாட்டுவதற்கு மூன்று இரும்புக் கைகள். பின்சக்கரம் இரண்டும்தான் வண்டியை நகர்த்தும். பிரேக்கும் அந்த இரண்டில் மட்டும்தான். ஆகவே பின்சக்கரம் தரையை அழுத்திப் பிடித்திருக்கும்வரைதான் அது வண்டி. பக்கெட்டில் பாரம் ஏறி வால் லேசானால், சங்கிலி சுற்றிய டயராக இருந்தாலும் சரி, அதற்குப் பிறகு அது வெறும் சறுக்குவண்டி. இது எனக்குப் பத்து வயதிலேயே தெரியும். அப்பா சொல்லிக்கொடுத்தார். பாரத்தோடு சரிவில் இறங்க வேண்டுமானால் பின்பக்கமாகத்தான் இறங்க வேண்டும் என்றும் சொன்னார். பக்கெட் மேட்டைப் பார்த்திருக்க வேண்டும், பின்சக்கரம் கீழே இருக்க வேண்டும். தவ்னோவுக்கும் இது தெரியும். பின்னால் எழுநூறு பவுண்டு எடை தொங்கினால் அப்படிக் கழுத்தைத் திருப்பிக்கொண்டு இறங்க வேண்டியதில்லை, நேராகவே இறங்கலாம் என்பதுதான் அவன் கட்சி.

எந்தச் சரிவு என்று நீங்கள் கேட்கவில்லை. உங்களுக்குத் தெரியும். ஹெல்மி வீட்டுச் சரிவு.

எங்கள் சாலையில் ஒன்பது வீடு. பனி கொட்டிய காலையில் தவ்னோ முதலில் எங்கள் முற்றத்தைத் தள்ளுவான். பிறகு நடக்கச் சிரமப்படும் அர்னேயின் வீடு. பிறகு வரிசையாக மற்றவை. யாரும் கேட்பதில்லை, யாரும் நன்றி சொல்வதும் இல்லை. இரண்டு நாள் கழித்து எங்கள் படியில் புகைபோட்ட மீன் ஒன்றோ ஒரு டப்பா பிஸ்கட்டோ இருக்கும், அவ்வளவுதான். ஆனால் யார் வாசல் முதலில் என்பது மட்டும் எல்லோர் கண்ணிலும் படும். சக்கரத்தடம் முதலில் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று சன்னலில் நின்றாலே தெரிந்துவிடும். டிசம்பரிலிருந்து ஏப்ரல்வரை எங்களுக்கு வேறு பத்திரிகை கிடையாது.

ஹெல்மி வந்தது இதற்கு முந்தின வருடம். புருஷன் இறந்த பிறகு தெற்கேயிருந்து திரும்பி, சாலைக்குக் கீழே ஏரியை ஒட்டி இருக்கும் அந்த மஞ்சள் வீட்டில் குடியேறினாள். அறுபது வயது. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. சிரித்தால் அடுத்த வீட்டுக்குக் கேட்கும். சாலையிலிருந்து அவள் வாசலுக்கு இறங்கும் பாதை கூரைபோல நிற்கும். அந்த முதல் குளிர்காலம் முழுக்க அவளே கையால் பனிவாரியைத் தள்ளினாள். தவ்னோ தன் வேலையை முடித்துவிட்டு நடந்தே போய்க் கூடத் தள்ளுவான். மத்தியானம் வருவான். சாப்பிட்டுவிட்டேன் என்பான்.

சர்ச் காப்பிக் கூட்டத்தில் அர்னே எல்லோர் முன்னாலும் சொன்னார். “சைமா, உன் தம்பியோட பூட்ஸுக்கு இப்பல்லாம் கீழ்ப் பக்கம்தான் வழி தெரியுதாமே.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பார்த்தவர்களைக் கேளுங்கள், நன்றாகவே சிரித்தேன்.

எனக்கு ஹெல்மியைப் பிடிக்காது என்று எழுதிவிடாதீர்கள். அது சரியாக இருக்காது. அவள் நல்ல சமையல்காரி. என்னிடம் மரியாதையாகத்தான் இருந்தாள். ஒரே ஒன்றுதான். தவ்னோ கூப்பிடுகிறான் என்று அவளும் என்னை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தாள். உலகத்தில் என்னை அப்படிக் கூப்பிட ஒரே ஒருவன்தான் இருந்தான். அதை இன்னொருவர் வாயில் கேட்க, என் உடுப்பை வேறொருத்தி போட்டுக்கொண்டு எதிரே வருவதுபோல இருந்தது.

எடைக்காக நடந்த அந்த அக்டோபர் சண்டையில் ஜெயித்தது அவன்தான். பழைய இரும்புத் தகடுகளை வெட்டி ஒரு பெட்டி செய்தான். மூடி இல்லாத பெட்டி. முழங்காலுக்கு மேல் உயரம், பின்கைகளில் மாட்டக் காதுகள், சுற்றிலும் பற்றவைப்பு. மூன்று ஞாயிறு அதிலேயே கிடந்தான். விசிலடித்துக்கொண்டு செய்தான். அவன் விசிலடித்து நான் கடைசியாகக் கேட்டது படகு வாங்கிய வருடம். பெட்டிக்குள் சிமென்ட் கலவை ஊற்றி நிறைத்தால் எழுநூறு பவுண்டுக்குக் குறையாது என்று கணக்குப் போட்டான். ஒன்பது மூட்டை கலவை வாங்கிவந்து கொட்டகையில் அடுக்கினான். ஊற்றுவதற்குள் நவம்பர் பதினைந்து வந்துவிட்டது.

நவம்பர் பதினைந்து என்றால் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மான் வேட்டை தொடங்கும் நாள். இந்த ஊரில் நடக்க முடிந்த ஆண் ஒருவனும் அன்று வீட்டில் இருக்க மாட்டான். கல்யாணமும் வைக்க மாட்டார்கள், சாவையும் கொஞ்சம் தள்ளிப்போடுவார்கள். பதினான்காம் தேதி சாயங்காலம் அவன் துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான். நான் எதிரே உட்கார்ந்து அவன் கையுறையின் கட்டைவிரலைத் தைத்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்க்காமலே சொன்னான்.

“கிறிஸ்துமஸ் முடிஞ்சதும் நான் கீழே போயிடலாம்னு இருக்கேன்க்கா. அவளும் சரின்னுட்டா.”

நான் நூலைப் பல்லால் கடித்தேன்.

“தினமும் வந்து பாப்பேன்.”

“வந்து பாக்கறதுக்கு நான் என்ன ஆஸ்பத்திரியிலயா படுத்திருக்கேன்?”

“அப்படி இல்லக்கா. பனி விழுந்தா உன் வாசலையும் தள்ளிக் குடுத்துட்டுத்தான் அடுத்த வீடு.”

உன் வாசல் என்றான். அறுபது வருடத்தில் முதல் தடவை. அவனுக்கே அது காதில் விழவில்லை. துப்பாக்கியை உறையில் போட்டுவிட்டு, நான் இல்லாதபோது பெட்டிக்குக் கலவை ஊற்றி வைத்துவிடு, நான் திரும்பி வருவதற்குள் இறுகிவிடும் என்றான். சரி என்றேன். கலவை போடுவது எனக்குப் புதிதில்லை. இந்த வீட்டுப் படிகள் நான் ஊற்றியவை. நீங்கள் ஏறி வந்தீர்களே, ஒரு விரிசல் இருந்ததா?

அடுத்த நாள் காலை அவன் போனான். நான் பாத்திரம் கழுவினேன். கோழிக்குத் தீனி வைத்தேன். பிறகு கொட்டகையில் அடுப்பை மூட்டினேன். குளிரில் கலவை உறைந்தால் உதிர்ந்துபோகும். பத்து நாளும் இரவும் பகலும் அந்த அடுப்பை அணையவிடாமல் பார்த்துக்கொண்டேன். செய்கிற வேலையை ஒழுங்காகச் செய்ய வேண்டும்.

விறகு அறுத்த மரத்தூள் கொட்டகை மூலையில் மலையாகக் கிடந்தது. அதை வாளியில் அள்ளிப் பெட்டிக்குள் போட்டு, ஒவ்வொரு வாளிக்கும் கட்டையால் இடித்து இடித்து இறுக்கினேன். இறுக்காவிட்டால் தட்டிப் பார்க்கும்போது தகடு அண்டா மாதிரி சத்தம் போடும். பெட்டியின் முக்கால் பாகத்துக்கு மேல் தூள் வந்ததும், ஈரம் இறங்காமலிருக்க ஒரு பழைய பிளாஸ்டிக் விரிப்பை மடித்துப் போட்டேன். அதன்மேல் இரண்டு மூட்டை கலவை. அரைச் சாண் கனம் வந்தது. கரணையால் வழித்து வழித்து மேற்பரப்பைக் கண்ணாடிபோல ஆக்கினேன். மிச்சம் ஏழு மூட்டை. அவற்றை ஒவ்வொன்றாகச் சறுக்குப்பலகையில் இழுத்துப்போய் நிலவறையில் உருளைக்கிழங்குத் தொட்டிக்குப் பின்னால் அடுக்கினேன். ஈரத்தில் கல்லாகியிருக்கும். போய்ப் பார்த்துக்கொள்ளலாம், விளக்கு இடது கைப் பக்கம்.

அப்போது என்ன நினைத்துக்கொண்டு செய்தீர்கள் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். அவன் சரிவின் உச்சியில் பக்கெட்டை நிறைப்பான், சக்கரம் கொஞ்சம் வழுக்கும், பயந்து நிறுத்திவிடுவான், இந்தச் சரிவு டிராக்டருக்கு ஆகாது என்று அவனுக்கே தெரிந்துவிடும். அப்படித்தான் நினைத்தேன். டிராக்டர் போகாத வாசலுக்கு ஒரு ஆண் குடிபோக மாட்டான் என்றும் நினைத்தேன். இந்தப் பக்கத்து ஆட்களை உங்களுக்கும் தெரியும். தன்னால் சுத்தமாக வைத்திருக்க முடியாத வீட்டில் அவர்கள் தங்குவதில்லை.

இது நியாயமான எண்ணம்தானே? ரொம்ப நாள் நான் இதோடு இருந்தேன்.

அவன் பத்தாம் நாள் ஒரு மானோடு வந்தான். நேராகக் கொட்டகைக்குப் போனான். கலவையின் மேல் உள்ளங்கையை வைத்துத் தடவினான். “சலவைக்கல்லு மாதிரி பண்ணிட்டியேக்கா,” என்றான். முட்டியால் பக்கத்தில் தட்டினான். மந்தமாகச் சத்தம் வந்தது, சரியாக இருந்தது. எழுநூறு பவுண்டை யாரும் கையால் தூக்கிப் பார்ப்பதில்லை. டிராக்டரைப் பின்னால் கொண்டுவந்து மூன்று ஊசியையும் செருகினான், நெம்புகோலை இழுத்தான், எண்ணெய் அழுத்தத்தில் பெட்டி எழும்பியது. அந்த வண்டி ஆயிரம் பவுண்டையும் அப்படித்தான் தூக்கும், நூற்றைம்பதையும் அப்படித்தான் தூக்கும். இதற்குமுன் அவன் பின்னால் எடையோடு ஓட்டியதே இல்லை. எப்படி இருக்க வேண்டும் என்று தெரிந்தால்தானே எப்படி இல்லை என்று தெரியும்?

டிசம்பர் ஒன்பது காலையில் இருபத்திரண்டு அங்குலம் பனி. விடிந்து வெளிச்சம் வந்ததும் சன்னலில் எல்லாம் ஒரே வெள்ளையாக இருந்தது. கவுன்ட்டியின் பெரிய வண்டி சாலைப் பனியைத் தள்ளிக்கொண்டு போயிற்று. அது போகும்போது ஒவ்வொரு வீட்டு வாயிலிலும் ஒரு வரப்பை விட்டுவிட்டுப் போகும். உதிரிப் பனி இல்லை அது. நசுங்கி, உப்பு கலந்து, ஈரச் சிமென்ட் மாதிரி கனக்கும். அதைச் சாலைக்கு அந்தப் பக்கம் தள்ளச் சட்டம் விடாது. ஹெல்மி வீட்டில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பாறை. வேறு வழியே கிடையாது. அள்ளி, பக்கெட்டில் தூக்கிக்கொண்டு, சரிவில் இறங்கி, விறகுக் கொட்டகையைத் தாண்டி ஏரிப் பக்கம் கொட்ட வேண்டும்.

தவ்னோ ஒன்பது மணிக்கு வண்டியை எடுத்தான். எங்கள் முற்றத்தில் பக்கெட்டை இறக்கவே இல்லை. இருபத்திரண்டு அங்குலப் பனியின் நடுவே இரண்டு சக்கரத்தடம் போட்டுக்கொண்டு நேராகச் சாலைக்குப் போனான். அர்னே தன் சன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு இங்கிருந்தே அவர் தெரிந்தார்.

அதன்பிறகு நடந்தது உங்கள் காகிதத்தில் இருக்கிறது. வரப்பு முழுவதையும் ஒரே பக்கெட்டில் அள்ளினான். பின்னால் எழுநூறு பவுண்டு இருக்கிறது என்ற தைரியம். முகத்தை ஏரிப் பக்கம் வைத்து நேராக இறங்கினான். பாதிச் சரிவில் வால் எழும்பியது. பிரேக்கை மிதித்தபோது பின்சக்கரங்கள் நின்றுவிட்டன, வண்டி நிற்கவில்லை. அது போய் நின்ற இடத்தில் கொட்டகைச் சுவர் இருந்தது. சுவருக்கும் பக்கெட்டுக்கும் நடுவில் ஹெல்மி இருந்தாள். தவ்னோவுக்குத் தோள் எலும்பு முறிந்தது.

நீங்கள் வந்தீர்கள், மிஸ்டர் ட்ரெம்பாத். குளிரில் மூக்கெல்லாம் சிவந்து, ரொம்ப மரியாதையாக நடந்துகொண்டீர்கள். பின்னால் எடை இருந்ததா என்று கேட்டீர்கள். இருந்தது, எழுநூறு பவுண்டு, என் அக்கா ஊற்றியது என்று அவன் சொன்னான். நீங்கள் அந்தப் பெட்டியின்மேல் நோட்டை வைத்துத்தான் அதை எழுதினீர்கள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். உங்களைக் குறை சொல்ல மாட்டேன். எல்லோரும் மேற்பரப்பைத்தான் பார்ப்பார்கள். பக்கெட்டை அளவுக்கு மீறி நிறைத்தேன், தப்பு என்னுடையது என்று அவனே கையெழுத்துப் போட்டான். விபத்து என்று முடிந்தது.

பிறகு இரண்டு குளிர்காலம் போயிற்று. பொய் சொல்ல மாட்டேன், அவை நல்ல குளிர்காலங்கள். அவன் டிராக்டரைத் தொடவில்லை. எங்கேயும் போகவில்லை. தோள் கூடும்வரை நான்தான் சட்டை பொத்தான் போட்டுவிட்டேன், கறியை வெட்டிக் கொடுத்தேன். ராத்திரி அவன் அலறினால் அடுத்த அறையிலிருந்து போய் விளக்கைப் போட்டு உட்காருவேன். சின்ன வயதில் செய்ததுபோலவே. ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீ மட்டும் இல்லேன்னா நான் என்னக்கா ஆயிருப்பேன்?” என்றான். அந்தக் கேள்வியை நான் ரொம்ப நாள் வைத்திருந்தேன். அன்றைக்கே சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். அவன் நிம்மதியாகத் தூங்கினான் அன்றைக்கு. எழுப்ப மனம் வரவில்லை.

போன வாரம் அர்னேயின் மருமகன் வந்து டிராக்டரைக் கேட்டான். தவ்னோ எடுத்துக்கொண்டு போ என்றான். பெட்டியையும் சேர்த்துக் கேட்டபோது மட்டும் முடியாது என்றான். அது இன்னொரு வண்டியின் பின்னால் தொங்கக் கூடாது, உடைத்து ஏரியில் போட்டுவிடப் போகிறேன் என்றான். நான் வேண்டாம் என்றேன். தோளுக்கு ஆகாது, அப்படியே கிடக்கட்டும், மேலே பூந்தொட்டி வைக்கலாம் என்றேன். அவன் சம்மட்டியை எடுத்துக்கொண்டு போனான்.

நான் இந்தச் சன்னலில் நின்றேன். ஒன்பதோ பத்தோ அடி அடித்தான். சலவைக்கல் உள்ளே இறங்கியது. பெட்டியைக் காலால் உதைத்துச் சாய்த்தான். எழுநூறு பவுண்டை யாரும் காலால் சாய்க்க முடியாது. அது அவனுக்கு அந்த நிமிடத்தில் தெரிந்திருக்க வேண்டும். மரத்தூள் பனிமேல் கொட்டியது. இரண்டு வருடத்துக்குப் பிறகும் மஞ்சளாக, புதிதாக இருந்தது. சம்மட்டியால் தூளைக் கிளறிப் பார்த்தான். பிறகு குனிந்து ஒரு பிடி எடுத்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டான்.

மூன்று நாள் சாப்பிட்டான், படுத்தான், எழுந்தான். நான்காம் நாள், அதாவது நேற்றுக் காலை, அந்தப் பிடித் தூளை இந்த மேசைமேல் வைத்தான். நீங்கள் இப்போது கையை ஊன்றியிருக்கிற இடத்தில். ஏன் என்று கேட்பான் என்று நினைத்துப் பதில்கூட வைத்திருந்தேன். அவன் அதைக் கேட்கவில்லை.

“எத்தனை வாளிக்கா?”

“பதினொண்ணு.”

தலையை ஆட்டினான். தூளைத் திரும்பவும் கையில் வழித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, ஐந்து மைல் நடந்து உங்களிடம் வந்தான்.

இதுவரை சொன்னதை நீங்கள் எழுதிக்கொண்டீர்கள். ஒரு கிழவி, தம்பியைப் பிரிய மனமில்லாமல் முட்டாள்தனம் செய்தாள், அவள் நினைத்ததைவிடப் பெரிதாகப் போய்விட்டது. உங்கள் முகத்தில் கொஞ்சம் இரக்கம்கூடத் தெரிகிறது. அதை அப்படியே விட்டுவிடலாம். ஆனால் இந்த வீட்டு மச்சுப் பலகையில், அடுப்புக்கு நேர் மேலே, ஒரு கம்பிவலை இருக்கிறது, பாருங்கள். கீழே எரிகிற சூடு மேல் அறைக்குப் போக அப்பா வைத்தது. சூடு போகிற வழியில் பேச்சும் போகும். அவன் மேலேதான் இருக்கிறான். காலையிலிருந்து அலமாரிக் கதவு திறந்து திறந்து மூடுகிறது. அவனிடம் நான் எதையும் மறைத்ததில்லை. அவன் கேட்கவில்லை என்பதால் சொல்லாமல் இருந்திருக்கிறேன், அவ்வளவுதான். நீங்களும் ஒன்றைக் கேட்கவில்லை.

அந்த நேரத்தில் ஹெல்மி அங்கே ஏன் நின்றாள்?

கையால் பனி தள்ளுவாளே தவிர, டிராக்டர் ஓடும்போது அவள் வெளியே வருகிற ஆள் இல்லை. தவ்னோ மேலே சாலையில் வண்டியோடு போகும்போது சன்னலுக்குள்ளிருந்துதான் கையசைப்பாள். அவனே உங்களிடம் சொல்லியிருக்கிறான்: அவள் ஏன் வெளியே வந்தாள் என்று தெரியவில்லை, ஒருவேளை எனக்காக வந்தாளோ என்னவோ என்று. இரண்டு வருடமாக அதைச் சொல்லிச் சொல்லித்தான் அலறினான்.

அவன் வண்டியை எடுத்ததும் நான் அவளுக்குப் போன் செய்தேன். அவன் முற்றத்தைத் தாண்டுவதற்குள் மணி அடித்துவிட்டது.

“தவ்னோ வர்றான் ஹெல்மி. பக்கெட் தூக்கியிருந்தா அவனுக்கு முன்னாடி ஒண்ணும் தெரியாது. நீ விறகுக் கொட்டகைச் சுவரோரம் நின்னு எங்க கொட்டணும்னு கையைக் காட்டு.”

“இதோ போறேன்க்கா,” என்றாள்.

நான் சொன்னதில் ஒரு வார்த்தையும் பொய்யில்லை. பக்கெட் தூக்கியிருந்தால் ஓட்டுகிறவனுக்கு முன்னால் தெரியாதுதான். கைகாட்ட ஆள் நிற்பது வழக்கம்தான். அப்பாவுக்கு நான் நின்றிருக்கிறேன். சுவரோரமாக மட்டும் நின்றதில்லை. அதன்பிறகு நான் பாத்திரம் கழுவப் போகவில்லை, கோழிக்குத் தீனி வைக்கப் போகவில்லை. மாடி ஏறிப்போய் வடக்குச் சன்னலின் உறைபனியை நகத்தால் சுரண்டினேன். இந்த வீட்டில் அந்த ஒரு சன்னலிலிருந்துதான் சரிவின் அடிவரை தெரியும். சக்கரம் கொஞ்சம் வழுக்கி, பயந்து நிறுத்துவான் என்று மட்டும் நினைத்திருந்தால், அதைப் பார்க்க மாடி ஏறியிருப்பேனா? மூட்டு வலியோடு பதினாறு படி ஏறினேன். பார்த்தேன். கடைசிவரை பார்த்தேன். பிறகு இறங்கிவந்து அவனுக்குக் கட்டுப்போட வெந்நீர் வைத்தேன்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். ஹெல்மியைக் கொன்றது தவ்னோ இல்லை. அவன் பக்கெட்டை அளவுக்கு மீறி நிறைக்கவும் இல்லை. சரியான எடை இருந்திருந்தால் அது சரியான பாரம்தான். நான் செய்தேன். அவனுக்காகச் செய்தேன் என்றுகூட நான் சொல்லிக்கொள்ளவில்லை. அவனுக்கு நல்லதாக முடிந்தது என்பது வேறு விஷயம். வீட்டில் இருந்தான், நேரத்துக்குச் சாப்பிட்டான். இப்போது இது வெளியே வந்துவிட்டதால் அவன் மனதிலிருந்த பாரமும் இறங்கிவிடும். தான் செய்யவில்லை என்று தெரிந்துவிட்டதல்லவா. இனி நன்றாகத் தூங்குவான். ஒருவிதத்தில் இன்று நல்ல நாள்தான்.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும், சொல்லுங்கள். கண்ணாடியை எடுத்துக்கொள்கிறேன்.

கோட்டு கதவுக்குப் பின்னால் இருக்கிறது. நானே போட்டுக்கொள்வேன், பரவாயில்லை. ஒரு நிமிடம் மட்டும் பொறுங்கள். மேலே காலடிச் சத்தம் நின்றிருக்கிறது. வலைக்குப் பக்கத்தில்தான் நிற்கிறான், எனக்குத் தெரியும்.

“தவ்னோ, நான் இவரோட டவுன் வரைக்கும் போயிட்டு வந்துடறேன்டா. மீன் சூப்பு அடுப்புமேல இருக்கு. சூடு பண்ணிக் குடி, எனக்கும் கொஞ்சம் மிச்சம் வை.”